ரிலீஸ் தேதியை யார் குறிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கிறேன், கல்லூரி மாற வேண்டும், ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் தகுதி) கெடாமல் மாறுவது எப்படி? மிட்வெஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நெடுநாள் டிஎஸ்ஓவாக இருந்தவள் என்பதால் இந்தக் கேள்விகளை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். டிஎஸ்ஓ என்றால், மாணவர்களின் குடிவரவுப் பதிவைப் பார்த்துக்கொள்ள அரசு அங்கீகரித்த கல்லூரி அலுவலர். உங்கள் ஐ-20இல், அதாவது விசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் சேர்க்கைச் சான்றில், கையெழுத்துப் போடுகிறவர். சிக்கலில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பிள்ளைகள் பலர், ரூம்மேட் சொன்னதைக் கேட்டு ஏதோ ஒன்றைச் செய்து முடித்த பிறகு கேள்வி கேட்க வந்தவர்கள். நீங்கள் முன்பே கேட்கிறீர்கள். நல்லது.

கேள்வி: ஆகஸ்டில் டெக்சாஸில் எம்.எஸ். சேர்ந்தேன். கட்டணம் தாங்கவில்லை. ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்கு மிசௌரியில் ஒரு மாநிலப் பல்கலையில் இடம் கிடைத்துவிட்டது. இங்கே படிக்கும் பாடங்களை அங்கே கணக்கில் எடுக்க மாட்டார்களாம். அப்புறம் எதற்கு இதைப் படிக்க வேண்டும், இப்போதே டிராப் செய்துவிடலாமா? விசா, செவிஸ் கட்டணம் எல்லாம் மறுபடியும் முதலில் இருந்தா? — ஆர்., ஹூஸ்டன்

பதில்: டிராப் செய்யாதீர்கள் தம்பி. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இது.

நம் ஊரில் டி.சி. வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரியை விட்டு வெளியே வந்து, சாவகாசமாக இன்னொன்றில் சேரலாம். இடையில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எஃப்-1இல் அந்த இடைவெளியே கிடையாது. செவிஸ் என்ற அரசுக் கணினியில் உங்கள் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது. அது எந்த நாளிலும் ஏதோ ஒரு கல்லூரியின் கையில் இருந்தாக வேண்டும். இன்று அது ஹூஸ்டன் கல்லூரியின் கையில். அவர்களுடைய மாணவராக இருக்கும் வரை முழுநேர மாணவராக இருக்க வேண்டும். மாஸ்டர்ஸில் எத்தனை கிரெடிட் என்பதைக் கல்லூரியே நிர்ணயிக்கிறது, பல இடங்களில் 9. நேரில் போகத் தேவையில்லாத ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் அந்தக் கணக்கில் சேராது. டிஎஸ்ஓவின் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் பதிவை முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்தால் ஊருக்குத் திரும்ப ஒரு நாள்கூட அவகாசம் கிடையாது. அனுமதி வாங்கி முறையாக விலகினாலும் கிடைப்பது 15 நாள்தான். எல்லோரும் சொல்லும் 60 நாள், படிப்பையோ ஓபிடியையோ (படித்த துறையில் வேலை பார்க்கக் கிடைக்கும் பயிற்சி அனுமதி) முடித்தவர்களுக்கு மட்டும். எனவே மிசௌரி ஏற்காத பாடமாக இருந்தாலும் இந்த செமஸ்டரை ஒழுங்காக முடியுங்கள்.

இனி வேலைகளின் வரிசை. மிசௌரி உங்களுக்கு அட்மிஷன் கடிதம் அனுப்பியிருக்கும். கூடவே ஒரு ட்ரான்ஸ்ஃபர் படிவமும் வரும். முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று மறுபடியும் காட்டச் சொல்வார்கள். ஹூஸ்டனுக்குக் காட்டிய பழைய பேங்க் கடிதம் செல்லாது, புதிதாக வாங்கித் தயாராக வைத்திருங்கள். அட்மிஷன் கடிதத்தையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு இப்போதைய டிஎஸ்ஓவிடம் போங்கள். மிசௌரி பல்கலைக்குப் பல வளாகங்கள் இருந்தால், உங்கள் வளாகத்தின் செவிஸ் பள்ளிக் குறியீட்டைச் சரிபார்த்துக் கொடுங்கள். ஒரே பெயர், வேறு வளாகம் என்று பதிவு தவறான இடத்துக்குப் போய்விட்டால், அதைத் திருப்பி வாங்குவதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும்.

அங்கே உங்களிடம் ஒரு தேதி கேட்பார்கள். அதுதான் ட்ரான்ஸ்ஃபர் ரிலீஸ் தேதி. பலர் "எதுவானாலும் சரி, சீக்கிரம் போடுங்கள் மேடம்" என்பார்கள். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவே பிடிக்காது. ஸ்டேட்டஸின் கட்டுப்பாடு கைமாறும் நாள் அது. அந்த நாள் வரை பழைய கல்லூரிதான் உங்களுக்குப் பொறுப்பு, மனம் மாறினால் ட்ரான்ஸ்ஃபரை ரத்து செய்யவும் முடியும். அந்த நாள் வந்ததும் பழைய டிஎஸ்ஓவால் உங்கள் பதிவில் எதையும் மாற்ற முடியாது. எது வேண்டுமானாலும் புதிய கல்லூரியைத்தான் கேட்க வேண்டும். ஹூஸ்டன் வளாகத்தில் நூலகத்திலோ கேன்டீனிலோ பகுதிநேர வேலை பார்த்தால், அதுவும் அன்றோடு நின்றுவிட வேண்டும். மேலாளர் "இந்த வாரம் மட்டும் வந்துவிட்டுப் போ" என்று கெஞ்சினாலும் போகாதீர்கள். அனுமதியில்லாத வேலை என்பது எளிதில் அழியாத கறை. தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, கடைசிச் சம்பளக் கணக்கும் முடியும் ஒரு டிசம்பர் தேதியை நீங்களும் டிஎஸ்ஓவும் உட்கார்ந்து பேசிக் குறியுங்கள்.

ரிலீஸ் தேதிக்குப் பிறகுதான் மிசௌரியால் ஐ-20 கொடுக்க முடியும். முன்கூட்டியே கேட்டு அவர்களுக்கு மின்னஞ்சல்மேல் மின்னஞ்சல் போடாதீர்கள், அவர்களால் முடியாது. குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால் இந்த இடத்தில் கவனம் தேவை. ரிலீஸ் தேதி கடந்த பிறகு திரும்ப நுழையும்போது உங்கள் கையில் மிசௌரியின் ஐ-20 இருக்க வேண்டும், ஹூஸ்டன் ஐ-20 செல்லாது. ஆகவே அது எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்று மிசௌரியிடம் கேட்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.

விசா? ஸ்டிக்கரில் ஹூஸ்டன் கல்லூரியின் பெயர் இருந்தாலும், காலாவதியாகாத வரை, செவிஸ் எண் அதே எண்ணாக இருக்கும் வரை, அதே விசாவில் நுழையலாம். காலாவதியாகிவிட்டதென்றால் ஊருக்கு வந்து நேர்காணலுக்கு நிற்க வேண்டும். நேர்காணல் இல்லாத டிராப்பாக்ஸ் வசதி 2025 செப்டம்பர் 2இலிருந்து மாணவர்களுக்கு இல்லை. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ ஒரு நடை போய் விசா அடித்துக்கொண்டு வரும் வழக்கத்துக்கும் அதே மாதம் தடை போட்டுவிட்டார்கள். சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். செவிஸ் கட்டணம் 350 டாலரை மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஐ-20இல் 'என்' என்று தொடங்கும் அந்த எண் மாறவில்லையே, அதனால்.

மிசௌரி போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். புதிய ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் அங்குள்ள டிஎஸ்ஓவிடம் போய், வந்துவிட்டேன் என்று பதிய வேண்டும். 30 நாளுக்குள் அவர் உங்களை செவிஸில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு முகவரி கேட்பார்கள். நண்பன் வீட்டு சோஃபாவில் தூங்கினாலும் அந்த முகவரியைக் கொடுங்கள், மாறினால் 10 நாளுக்குள் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பின் ட்ரான்ஸ்ஃபர் நிறைவேறியதாகக் காட்டும் ஐ-20 ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஐ-20களை எறிய வேண்டாம். பிற்காலத்தில் ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று எதற்குப் போனாலும் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு கல்லூரிகளில் இருந்து ஐ-20 வந்தது. முதல் கல்லூரியின் ஐ-20இல் சென்னையில் விசா கிடைத்துவிட்டது. இப்போது இரண்டாவதுதான் நல்லது என்கிறான். அங்கே இறங்கி நேராக அந்தக் கல்லூரிக்குப் போய்க்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்கிறார் கன்சல்டன்சிக்காரர். ஜனவரியில் பயணம். — ஒரு தாய், ஈரோடு

பதில்: அந்தக் கன்சல்டன்சிக்காரர் விமானத்தில் கூட வரப்போவதில்லை அம்மா. விமான நிலையத்தில் தனியாக நிற்கப்போவது உங்கள் மகன்.

ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர் கல்லூரி மாறுவது வேறு. முதல் முறை நுழைகிறவர் விசாவில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ அங்கே படிக்கத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். "எந்தக் கல்லூரி?" என்று அதிகாரி கேட்கும்போது உங்கள் மகன் வேறு பெயரைச் சொன்னால், தனி அறைக்கு அழைத்துக்கொண்டு போய்த் துருவுவார்கள். அங்கிருந்தே திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பொய் சொல்லி நுழைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது இன்னும் மோசம்.

இரண்டு நேர்வழிகள் இருக்கின்றன. பயணத்துக்கு இன்னும் நாள் இருப்பதால், இரண்டாவது கல்லூரியின் ஐ-20ஐ வைத்து மறுபடி நேர்காணல் போகலாம். இரண்டு ஐ-20களுக்கும் செவிஸ் எண் வேறாக இருக்கும். முதல் எண்ணுக்குக் கட்டிய 350 டாலரை இரண்டாவது எண்ணுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. முதல் கல்லூரிக்கும் வரவில்லை என்று எழுதித் தெரிவித்துவிட வேண்டும். இது முடியாவிட்டால் அடுத்த வழி: முதல் கல்லூரிக்கே போய், அங்கே பதிவு செய்து, ஒரு செமஸ்டர் படித்துவிட்டு, மேலே ஹூஸ்டன் தம்பிக்குச் சொன்ன முறையில் மாறுவது. பணம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். நேர்காணலுக்கு நாள் கிடைக்குமானால் நான் முதல் வழியையே சொல்வேன்.

கேள்வி: என் ஓபிடி 2026 மார்ச் 20இல் முடிகிறது. ஹெச்-1பி குலுக்கலில் வரவில்லை. இரண்டாவது மாஸ்டர்ஸ் படிக்கலாம் என்று இருக்கிறேன். கல்லூரி ஆகஸ்ட் 24இல் தொடங்குகிறது. 60 நாள் கிரேஸ் இருப்பதால் மே மாதத்தில் ட்ரான்ஸ்ஃபர் கேட்டால் போதும்தானே? — வி., நியூ ஜெர்சி

பதில்: போதாது. 60 நாள் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், மே 19 வரை வருகிறது. அதற்குள் ட்ரான்ஸ்ஃபர் கேட்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விதி இருக்கிறது, ஓபிடியில் இருப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதில்தான். பழைய கல்லூரியிலிருந்து பதிவு வெளியேறும் நாள், ஓபிடி முடியும் நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 5 மாதத்துக்குள் புதிய வகுப்பு தொடங்கிவிட வேண்டும். உங்கள் கணக்கில் மார்ச் 20இலிருந்து 5 மாதம் என்றால் ஆகஸ்ட் 20. உங்கள் கல்லூரி 24இல் தொடங்குகிறது. நான்கே நாள்தான், ஆனாலும் விதி விதிதான். இதில் சலுகை கொடுக்க டிஎஸ்ஓவுக்கு அதிகாரம் இல்லை.

என்ன செய்யலாம்? அதே கல்லூரியில் மே அல்லது ஜூனில் தொடங்கும் சம்மர் செமஸ்டரில் அதே படிப்பைத் தொடங்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். ஆகஸ்ட் 20க்கு முன்னால் தொடங்கும் வேறு கல்லூரிகளும் இருக்கும், தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் மே 19க்குள் ஊருக்கு வந்து, புதிய செவிஸ் எண், புதிய கட்டணம், புதிய விசா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று. சீக்கிரம் செய்துவிடலாம் என்று பிப்ரவரியிலேயே ரிலீஸ் தேதி குறித்துவிடாதீர்கள். ரிலீஸ் ஆன நாளிலேயே ஓபிடி தானாக முடிந்துபோகும், கையில் இருக்கும் வேலை அனுமதி அட்டையில் மார்ச் 20 என்று அச்சாகியிருந்தாலும் சரி. அதற்குப் பிறகு அலுவலகம் போகக் கூடாது. ஐந்து மாதக் கணக்கும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுங்கள், ரிலீஸ் தேதியை மட்டும் வேலை முடியும் நாளுக்குப் பிறகு வையுங்கள். மேலும், ஒரே நிலைப் படிப்புக்கு வழக்கமான 12 மாத ஓபிடி ஒரு முறைதான். இரண்டாவது மாஸ்டர்ஸ் முடித்து அதை மறுபடியும் வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

கேள்வி: மாதத்துக்கு ஒரு முறை சனி, ஞாயிறு போனால் போதும், முதல் நாளிலிருந்தே சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) கொடுத்து முழுநேர வேலை பார்க்க விடும் ஒரு கல்லூரிக்கு மாறச் சொல்கிறான் நண்பன். சட்டப்படி சரியா? — பெயர் வேண்டாம், டல்லாஸ்

பதில்: நேரடியாகச் சொல்கிறேன். மாஸ்டர்ஸ் படிப்பில் முதல் செமஸ்டரிலிருந்தே பயிற்சி கட்டாயம் என்று பாடத்திட்டமே கேட்டால், ஒரு கல்வியாண்டு காத்திருக்காமல் சிபிடி தரலாம் என்று விதியில் இருக்கிறது. ஆகவே டே ஒன் சிபிடி என்றாலே சட்டவிரோதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்புக்காகப் பயிற்சியா, வேலைக்காகப் படிப்பா என்பதைப் பின்னால் ஹெச்-1பி பரிசீலிக்கும் அதிகாரி கேட்பார். பதில் சொல்ல வேண்டியது நீங்கள். முழுநேர சிபிடி 12 மாதம் ஆனால் அந்த நிலைக்கான ஓபிடியும் போய்விடும்.

2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் பிளெசன்டனில் ட்ரை-வேலி என்ற பல்கலைக்கழகத்தைச் சோதனை போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலோர் ஆந்திரப் பிள்ளைகள். பாதிக்கும் மேற்பட்டோரின் முகவரி சன்னிவேலில் ஒரே ஒரு அபார்ட்மென்ட். சில மாணவர்களின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள், இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. நடத்தியவருக்கு 2014இல் பதினாறு ஆண்டுக்கு மேல் சிறை.

அதைவிடக் கொடுமை மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். 2019 ஜனவரியில்தான் உண்மை வெளியே வந்தது. அதை நடத்தியதே குடிவரவுத் துறை. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. இணையதளம் இருந்தது, அரசின் அங்கீகாரப் பட்டியலில் பெயரும் இருந்தது. சுமார் 600 பேர் பணம் கட்டிச் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களில் பலர் உங்களைப் போல வேறு கல்லூரியில் படித்துவிட்டு, ஸ்டேட்டஸைக் காப்பாற்றிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று ட்ரான்ஸ்ஃபர் வாங்கிப் போனவர்கள். அரசே வலை விரித்தது நியாயமா என்றால், நியாயமில்லை என்பேன். ஆனால் அந்த நியாயத்தைப் பேசியபடியே பெட்டி கட்டியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

அதனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே உட்கார்ந்து படித்த ஒருவரிடம் என்ன பாடம், யார் ஆசிரியர், எந்த அறை என்று கேளுங்கள். அவர் திணறினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் புதிய ஊருக்கு வந்தேன். டைபாய்டில் படுத்துவிட்டதால் பதிவு செய்ய முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. பதிவு டெர்மினேட் ஆகிவிட்டது. இனி வழி உண்டா? — கே., ஓஹாயோ

பதில்: உண்டு, ஆனால் ஒவ்வொரு நாளும் முக்கியம். ரீஇன்ஸ்டேட்மென்ட் என்று பெயர். புதிய கல்லூரியின் டிஎஸ்ஓ அதற்குப் பரிந்துரைக்கும் ஐ-20 கொடுத்தால், ஐ-539 படிவத்தில் குடிவரவுத் துறைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டேட்டஸ் போன நாளிலிருந்து 5 மாதத்துக்குள் என்றால் எளிது. அதற்கு மேல் போனால் தாமதத்துக்கும் தனியாக விளக்கம் சொல்ல வேண்டும். தவறு உங்கள் கையை மீறி நடந்தது என்று காட்ட வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக் கடை ரசீது என எது இருந்தாலும் சேர்த்துவையுங்கள். இடையில் அனுமதியில்லாமல் எங்கேயும் வேலை பார்த்திருக்கக் கூடாது. முடிவு வர மாதக் கணக்கில் ஆகலாம், அதுவரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மாற்று வழி, நாட்டை விட்டு வெளியேறி, புதிய ஐ-20 வாங்கி, 350 டாலர் மறுபடி கட்டி, சென்னையில் புதிய விசா கேட்பது. இதில் சீக்கிரம் முடிவு தெரியும், ஆனால் விசா மறுத்துவிட்டால் அவ்வளவுதான். எது உங்களுக்கு ஏற்றது என்பதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கணவர் எஃப்-1, நான் எஃப்-2 (எஃப்-1 மாணவரின் குடும்பத்தாருக்கான விசா). அவர் கல்லூரி மாறினால் நான் ஏதாவது செய்ய வேண்டுமா? — எஸ்., பாஸ்டன்

பதில்: உங்கள் பதிவும் அவருடையதோடு சேர்ந்தே போகும். தனிக் கட்டணம் இல்லை. புதிய கல்லூரியிலிருந்து உங்கள் பெயரிலும் ஓர் ஐ-20 வர வேண்டும். அவருக்கு வந்து உங்களுக்கு வராவிட்டால் உடனே கேளுங்கள், விட்டுப்போவது உண்டு.

கேள்வி: இனி மாஸ்டர்ஸ் மாணவர்கள் கல்லூரியே மாற முடியாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? — டி., கோவை

பதில்: 2025 ஆகஸ்ட் 28இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு விதியை முன்மொழிந்தது. படிக்கும் வரை தங்கலாம் என்ற இப்போதைய முறைக்குப் பதிலாக அதிகபட்சம் 4 ஆண்டு, 60 நாள் அவகாசத்துக்குப் பதிலாக 30 நாள், இளநிலை மாணவர்கள் முதல் ஆண்டில் மாறக் கூடாது, மாஸ்டர்ஸிலும் அதற்கு மேலும் படிப்பவர்கள் இடையில் மாறவே கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் மூலம் இதுதான். இதே போல் 2020இலும் ஒன்று வந்தது, 2021இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்த இதழ் அச்சுக்குப் போகும் நாளில் புதியதும் முன்மொழிவாக மட்டுமே இருக்கிறது, மேலே எழுதியவை எல்லாம் நடப்பு விதிப்படி. நீங்கள் இனிமேல்தான் கல்லூரி தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள் என்றால், "முதலில் எதிலாவது சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம்" என்ற திட்டத்தில் மட்டும் போகாதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் படிவத்தில் கையெழுத்துப் போடும் நாளில், அன்றைய விதி என்ன என்று டிஎஸ்ஓவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.